நான்கு கிளாசும் ஒரு துளி அத்தரும்

இந்தத் தீவில் வைனைப் பற்றியும் பியரைப் பற்றியும் என்னளவு தெளிவாக அறிந்தவர் இன்றைய திகதியில் வேறு எவரும் இல்லை. அடக்கம் காரணமாகவே தீவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இரண்டில் ஒன்றும் இதுவரை என் உதட்டில் பட்டதில்லை. தெளிவுக்குக் காரணமே அதுதான். குடிப்பவர்கள் முதல் கிளாசில் வைனைப் பற்றிக் கதைப்பார்கள், இரண்டாவதில் சாப்பாட்டைப் பற்றி, மூன்றாவதில் மனைவியின் அண்ணனைப் பற்றி. நான் மட்டுமே கடைசிவரை வைனில் நிற்பவன்.

உங்கள் சங்கம் இந்த வருடத்தின் சிறந்த பானப் பரிமாறுநர் என்ற சான்றிதழை எனக்குத் தரப்போவதாக எழுதியிருந்தீர்கள். விழா மலருக்காக, இந்த நிலைக்கு எப்படி வந்தேன் என்று அரைப் பக்கம் கேட்டிருந்தீர்கள். மிக்க நன்றி. ஆனால் உண்மையை எழுதினால் அரைப் பக்கத்தில் அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் அம்ஜத். வயது இருபத்தாறு. வீடு தில்லையடி. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வாப்பாவும் உம்மாவும் இரண்டு பேக்குடன் வந்து இறங்கிய இடம் அது. வேலை செய்வது கற்பிட்டியில், வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு களப்பின் மேல் பறக்கும் கரையில் உள்ள ஒரு ஹோட்டலில். பானப் பிரிவில் இருக்கிறேன் என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அதை இளநி என்று எடுத்துக்கொண்டார். நானும் இளநியை மறுக்கவில்லை.

குடிக்காமல் எப்படி அறிவது என்று கேட்பீர்கள். உம்மா நோன்புக் கஞ்சி காய்ச்சுவதை நீங்கள் பார்த்ததில்லை. நோன்பு பிடித்த வாய், நாக்கில் ஒரு பருக்கைகூட வைக்க மாட்டார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பானையின் ஆவியைக் கையால் மூக்குப் பக்கம் அள்ளிவிட்டு, "உப்பு அரைக் கை குறையுது" என்பார். அரைக் கை போட்டால் சரியாக இருக்கும். உப்புக்கு மணமில்லை என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியர் சொன்னார். அவர் எங்கள் வீட்டில் நோன்பு திறந்ததில்லை.

அந்த மூக்கு எனக்கும் வந்திருக்கிறது. அதற்கு மேல் என்னிடம் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியும் இருந்தது. மேசையிலிருந்து திரும்பி வரும் தட்டையும் கிளாசையும் பார்த்துப் பார்த்து எழுதுவேன். தட்டு வெறுமையாகி, கிளாஸ் பாதியில் நின்றால் அந்தச் சோடி பொருந்தவில்லை. அவ்வளவுதான் விஞ்ஞானம். உறைப்பான நண்டுக் கறியோடு துவர்ப்பான சிவப்பு வைன் கொடுத்தால் கிளாஸ் அப்படியே திரும்பும். மிளகாய், துவர்ப்பை இரும்பாக்கிவிடும். கசப்புப் பியரோடு இறால் சம்பல் கொடுத்தால் விருந்தாளிக்குக் கண்ணீர் வரும், அதைக் காற்றின்மேல் போடுவார். கோதுமைப் பியருக்குச் சுட்ட பாரை மீன். கணவாய்ப் பொரியலுக்குத் தேசிக்காய்ப் புளிப்புள்ள வெள்ளை வைன். கறுத்த ஸ்டவுட் பியரோடு வட்டிலாப்பம் வைத்த நாள், ஒரு டச்சுக்காரர் கோப்பையை நக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் அந்தக் கருகல் கசப்பைக் கண்டால் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி.

2016இன் காற்றுக் காலம் தொடங்கும்போது கபிரியேல் சேர் வந்தார். கொழும்புக்காரர். இருபது வருடம் சொகுசுக் கப்பல்களில் வைன் ஊற்றியவர். மெடம், அதாவது எங்கள் முதலாளியம்மா, அவரைப் பானப் பொறுப்பாளராக எடுத்தார். அவர் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். உள்ளே நீல வெல்வெட்டில் நான்கு கிளாஸ். ஹோட்டல் கிளாசில் அவர் மூக்கை வைக்க மாட்டார். அந்த நான்கையும் துடைக்கும் வேலை எனக்கு வந்தது.

அவர் வைன் பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிளாசை வெளிச்சத்தில் பிடிப்பார். மூன்று சுற்று. மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, தூரத்து டெலிபோனைக் கேட்பவர் போலத் தலையை இடப்பக்கம் சாய்ப்பார். பிறகு, "ஈர மண்... பழைய சேணம்..." என்பார். குதிரையில்லாத ஊரில் சேணம். சமையலறையில் கோப்பை கழுவிய தண்ணீரை வைத்து நான் அதைச் செய்து காட்டுவேன். "ஈர விம்... நேற்றைய சொதி..." எங்கள் சமையற்காரி அல்பொன்சா அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அவருடைய கணவர், பாரில் நிற்கும் மனுவேல் அண்ணன், இன்னொரு தரம் செய்யச் சொன்னார்.

இரண்டாம் கிழமை கபிரியேல் சேர் அல்பொன்சா அக்காவின் நண்டுக் கறியை மெனுவிலிருந்து எடுத்தார். அந்த உறைப்புக்கு நின்று பிடிக்கும் வைன் தன்னிடம் இல்லையாம். எனக்குப் பொறுக்கவில்லை. எனக்காக அல்ல, அக்காவுக்காக. அக்காவிடம் போய் ஆறுதல் சொன்னேன்.

"நல்லது தம்பி," என்றார் அவர். "ரெண்டு கிழமைக்கு என்ட விரலாவது ஆறட்டும். நண்டு கடிச்சது இன்னும் நோகுது."

அழக்கூட முடியாத துக்கம் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

கொப்பியைக் கொண்டுபோய் சேரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடி போட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை இரண்டு தரம் வாசித்தார்.

"கவனிப்பு நல்லா இருக்கு தம்பி. நீ எதை விரும்பிக் குடிப்பாய்?"

"குடிக்கிறதில்ல சேர். மணந்தாலே போதும்."

"அப்ப ரேடியோவில சமையல் நிகழ்ச்சி கேட்டா வயிறு நிறையுமா?"

சமையலறையே சிரித்தது. அல்பொன்சா அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அன்று பின்னேரமே நான் தில்லையடிக்கு பஸ் ஏறியதற்கும் அந்தச் சிரிப்புக்கும் தொடர்பில்லை.

தில்லையடியில் என் மாமா சாஹுல் ஹமீதுக்கு ஓர் அத்தர் கடை இருக்கிறது. மிகச் சிறிய குப்பியில் ரோஜா அத்தர் கேட்டேன்.

"என்ன மருமகன், எங்கயும் பொண்ணு பாத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல மாமா. ஒரு சேரின்ட மூக்குக்கு."

"மூக்குக்கா பூசுவாங்க, விசரா?" என்று சிரித்துவிட்டு, குப்பியைக் கட்டித் தந்தார்.

முறை இதுதான். ஒரு வாளித் தண்ணீருக்குத் தீக்குச்சி முனையளவு அத்தர். சேரின் கிளாஸ் துடைக்கும் துணியை அதில் அலசி, களப்புக் காற்றில் காயப்போட வேண்டும். துணியை மணந்தால் ஒன்றும் தெரியாது. துடைத்த கிளாசும் சும்மா இருக்கும்போது கதைக்காது. உள்ளங்கைச் சூட்டில் மூன்று சுற்றுச் சுற்றினால் மட்டும் மெல்ல எழும். மூன்று சுற்று யார் சுற்றுவார் என்று உங்களுக்குத் தெரியும். மனுவேல் அண்ணன் கண்டுபிடிப்பார் என்ற பயம் இருக்கவில்லை, அவருக்குப் பீனிசம், மூக்கு எந்நேரமும் அடைப்பு.

முதல் நாள் ஒரு பிரெஞ்சுச் சிவப்பு வைனில் அவருக்கு ரோஜா வந்தது. சந்தோஷப்பட்டார். மூன்றாம் நாள் லாகர் பியரில் வந்தது. யோசித்தார். ஐந்தாம் நாள் ஸ்டவுட்டில் வந்தது. கிளாசை வைத்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தார். அதன்பிறகு வெறும் தண்ணீரை ஊற்றி மணந்தார். அதிலும் வந்தது.

கொழும்பில் ஒரு மூக்கு வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தார். மூக்கில் ஒரு குறையும் இல்லை என்று வைத்தியர் சொன்னாராம். அதைக் கேட்ட பிறகுதான் அவர் நன்றாகப் பயந்தார். சாப்பாடு குறைந்தது. கொடியில் காய்ந்த துணியைக்கூட ஒரு நாள் மணந்து பார்த்தார். பார்த்துவிட்டு, என் தோளில் தட்டி, "நல்ல துப்பரவு, அம்ஜத்" என்றார்.

ஒரு மனிதனின் கையையோ காலையோ நான் தொடவில்லை. இதையும் கவனியுங்கள்.

அத்தர் தொடங்கி மூன்றாம் கிழமை, கொழும்புப் பயண நிறுவனமொன்றிலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் அடுத்த காலம் முழுவதும் அறைகள் நிறையும். மெடமும் வந்தார். பொழுது சாயும் நேரம், தண்ணீரோரமாக மேசை. அன்று காலை நான் துணியையும் கிளாசுகளையும் வெந்நீரில் நான்கு தரம் அலசினேன். என் நல்ல மனதுக்கு இது சாட்சி. நான்கு கிளாஸ், நான்கு பேர், அதில் ஒன்று மெடத்தின் கைக்குப் போகும் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அடுக்களையில் நண்டு கொதித்தது. கபிரியேல் சேரே காய்ச்சச் சொல்லியிருந்தார். பிறகு தன் அறையிலிருந்து, துணியில் சுற்றிய ஒரு நீளக் கழுத்துப் போத்தலைக் கொண்டு வந்தார். பிரான்சில் ஜெர்மன் எல்லைப் பக்கத்து வெள்ளை வைன். அதன் பெயரை எழுத முயன்று மூன்று தரம் வெட்டிவிட்டேன். மெல்லிய இனிப்பு, துவர்ப்பே இல்லை. உறைப்பைத் தடவிக்கொடுத்து அனுப்பும் சாதி.

மேசைக்கு ஊற்றுமுன், ஓரமாக நின்று தனக்குக் கொஞ்சம் ஊற்றினார். வெளிச்சம். மூன்று சுற்று. கண்ணை மூடினார். தலை சாயவில்லை. கண்ணைத் திறந்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கிளாசை நீட்டினார்.

"அம்ஜத், உனக்கு நல்ல மூக்கு. நான் அண்டைக்குப் பகிடி பண்ணியிருக்கக் கூடாது. இந்த வைனில ரோஜா மணம் இருக்க வேணும், அதுதான் இதின்ட குணம். எனக்கு வருது. ஆனா எனக்கு இப்ப எல்லாத்திலயும் வருதே. நீ பார்த்துச் சொல்லு. ரோஜா இதில இருக்கா, என்ட மண்டைக்குள்ள இருக்கா?"

மணந்தேன். கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பார்களே, அப்படி வந்தது. துணியில் ஒன்றுமில்லை. அத்தனையும் அந்த வைனின் சொந்த மணம்.

"இல்லையே சேர்," என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அத்தரெல்லாம் பகிடி. குற்றம் என்று ஒன்று வேண்டுமென்றால், அந்த இரண்டு சொல்லைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவர் தலையாட்டினார். மெடத்திடம் போய், சுகமில்லை என்று சொல்லிவிட்டு, பட்டங்கள் இறங்கிக்கொண்டிருந்த கரை வழியே அறைக்குப் போனார். மேசையில் நாலாவது கதிரை வெறுமையாக இருந்தது. மெடம் என்னைப் பார்த்தார். நான் போத்தலை எடுத்தேன்.

"நண்டோடு இதை எடுத்துப் பாருங்கள் மெடம். ரோஜா மணம் வரும். இனிப்பு முதலில் வந்து உறைப்புக்கு வழி விடும்."

மூவரும் மணந்தார்கள். "ரோஜா!" என்றார் பயண நிறுவனத்துக்காரர். நண்டின் ஓடுகள் மட்டுமே மிஞ்சின. ஒரு கிளாசும் பாதியில் திரும்பவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மெடம் கேட்டார். மூக்கால், என்றேன். அது உண்மை.

கபிரியேல் சேர் மறுநாள் காலை பஸ்ஸில் போனார். இப்போது வத்தளையில் வளர்ப்பு மீன் விற்கிறார் என்று கேள்வி. மீனுக்கு மூக்குத் தேவையில்லை, நல்ல தொழில்தான். மரப்பெட்டியை எனக்கு விட்டுப் போயிருந்தார். உள்ளே ஒரு துண்டு: "தம்பிக்கு. உன் மூக்கு பொய் சொல்லாது."

அல்பொன்சா அக்காவிடம் நண்டு மெனுவுக்குத் திரும்பி வந்த நல்ல செய்தியைச் சொன்னேன். அவர் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"அவர் எனக்கு அண்டைக்கே சொன்னவர் தம்பி, நண்டுக்கு ஒண்டு தேடுறன், கப்பல் கூட்டாளி மூலமா எடுப்பிக்கிறன் எண்டு. அந்த மனுசன் மூண்டு கிழமையா அதுக்குத்தான் ஓடித்திரிஞ்சது."

"எனக்குச் சொல்லயில்லையே?"

"நீ எங்க கேட்டாய்? நீதான் கோப்பத் தண்ணிய ஆட்டிக்கொண்டு நிண்டாயே."

இப்படித்தான் நான் இந்த நிலைக்கு வந்தேன். எல்லாம் அல்பொன்சா அக்காவுக்காகச் செய்தது.

அந்த நான்கு கிளாசையும் இப்போது நான் பாவிக்கிறேன். ஹோட்டல் கிளாசில் சரியாக வராது. தலையை இடப்பக்கம் சாய்த்தால் மணம் ஒழுங்காக ஏறும், அது உடற்கூற்று விஞ்ஞானம், யாரையும் பார்த்துப் பழகியதல்ல. நான் சமையலறைக்குள் போகும்போது மனுவேல் அண்ணன் கையிலிருக்கும் கோப்பையைச் சட்டென்று கீழே வைப்பதும் அக்கா முகத்தைத் திருப்புவதும் ஏன் என்று தெரியவில்லை.

ஒரு சின்னக் கரைச்சல் மட்டும் உண்டு. போன வருடத்திலிருந்து எதைத் திறந்தாலும் ரோஜா வருகிறது. துணியை நான்கு தரம் மாற்றினேன். பெட்டியின் வெல்வெட்டைப் பிய்த்தெறிந்தேன். என் மூக்கின் மேல் யாருக்கோ பொறாமை என்று நினைக்கிறேன். விழாவில் எனக்குக் கிளாஸ் தருவதாக இருந்தால், துணியை யார் துவைத்தது என்று தயவுசெய்து விசாரித்துவிட்டுத் தாருங்கள்.

போன வெள்ளி நோன்பு திறக்க வீட்டுக்குப் போயிருந்தேன். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்தோம். உம்மா கஞ்சிக் கோப்பையை நீட்டினார். வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாக மூன்று சுற்றுச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு மணந்தேன்.

"என்ன மகன், தலை சரியுது? சுகமில்லயா?"

"உம்மா, கஞ்சிக்கு ரோஜாத் தண்ணி போட்டீங்களா?"

"இல்லையே மகன்," என்றார் உம்மா.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.