பரஸ்பர நம்பிக்கைப் பயிற்சி

மனித குலத்தைத் தாங்கி நிற்கும் தூண் பரஸ்பர நம்பிக்கை. இது என் வாக்கு இல்லை, மேடம். தொண்ணூற்றாறு நவம்பரில் நீங்கள் திருவனந்தபுரத்திலிருந்து எங்கள் ரப்பர் சங்கத்துக்குக் கொண்டுவந்த துணிப் பேனரின் வாக்கு. ஷீட் உலர்த்தும் கம்பில் அதைக் கட்டியவன் நான். பத்தரை மணி சாயாவுக்கு முன்பே ஒரு முனை அவிழ்ந்து நம்பிக்கை தரையில் கிடந்தது. தூண் மட்டும் மேலே இருந்தது.

இப்போது ஊழியர்களின் அதிர்ச்சியைப் போக்க உங்களையே மறுபடி வரவழைத்திருக்கிறார்கள். மனதில் கனப்பதை எழுதுங்கள், பேர் வேண்டாம் என்றீர்கள். பத்துப் பேர் இருக்கும் ஆபீசில் பேர் போடாவிட்டாலும் கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும். அதனால் போட்டே விடுகிறேன். செல்லசாமி, சீனியர் கிளார்க்.

ராஜையாவும் நானும் இருபது வருஷம் ஒரே மேசையின் இரண்டு பக்கம் இருந்தோம். என்னைவிட மூன்று வருஷம் இளையவன். அம்பூரியிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பான். நான் ஏறி உட்கார்ந்து சங்கம் வரும்வரை பேசுவேன், அவன் கேட்பான். ஹெட் கிளார்க் உத்தரவு அவன் பேருக்கு வந்ததை மட்டும் சாயாக்கடையில்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, "எப்படிச் சொல்லுகதுன்னு தெரியல்ல அண்ணே" என்றான். நீங்கள் வகுப்பு எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு அது. எனக்கு வருத்தமில்லை. இதையும் பின்னால் எழுதப் போவதையும் தயவுசெய்து சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

அன்று காலை நீங்கள் கேட்ட கேள்வி, மனம் சோரும்போது உங்களைத் தாங்குவது எது என்பது. பதிலைச் சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து, எழுதியவரை மௌனமாக வாழ்த்த வேண்டும். எனக்கு வந்தது ராஜையாவின் சீட்டு. இருவரும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், தமிழ் எழுத்தில்தான் எழுதியிருந்தான்.

"செல்லசாமி அண்ணனுக்க சம்சாரம். அதில்லாம எனக்கு ஒரு நாளு கழியாது."

தமிழில் சம்சாரம் என்றால் மனைவி. நான் தமிழில் வாசித்தேன். என் மனைவி சரசம்மா எப்போதாவது எனக்குச் சோறு கொண்டுவந்தால் ராஜையா எழுந்து நாற்காலி போடுவான். இருபது வருஷமாக அதை மரியாதை என்று எண்ணியிருந்தேன். கூடப்பிறந்தவன் மாதிரி வைத்திருந்த ஒருவன் அதை எழுதி டப்பாவில் போடும் அளவுக்கு வந்துவிட்டான் என்பதுதான் என்னைத் தாக்கியது. சீட்டை மடித்து, நீங்கள் சொன்னபடி மௌனமாக வாழ்த்தினேன்.

மத்தியானம் கப்பைக் கிழங்கும் மீனும் தின்றுவிட்டு எல்லாரும் தூங்கி வழிந்தபோது முற்றத்துக்கு வரச் சொன்னீர்கள். ஒருவர் கண்ணை மூடிப் பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்பவர் பிடிக்க வேண்டும். எனக்கு முன்னால் ராஜையாவை நிறுத்தினீர்கள்.

"அண்ணே, பிடிப்பியளா? நான் எண்பத்தஞ்சு கிலோவாக்கும்."

"விழு மக்கா. நான் உண்டு."

எங்கள் பிரசிடெண்ட் பொன்னப்பன், "பாத்துடே, செல்லசாமி இன்னைக்கு ஷீட்டு கணக்கா சப்பிப் போவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், ராஜையா அதிகமாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே சாய்ந்தான்.

நான் இரண்டு அடி பின்னால் போனேன்.

தும்மல் வந்தது என்று அன்று சொன்னேன். ரிப்போர்ட்டிலும் தும்மல்தான் இருக்கிறது. தும்மல் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. நீங்கள் அவனை நிறுத்திய இடம் மணல். வெயிலாக இருக்கிறது, நிழலுக்கு வா என்று நான்தான் அவனைத் தள்ளி நிற்க வைத்தேன். அங்கே ஷீட் அடிக்கும் ரோலரின் சிமென்ட் மேடை இருந்தது. அதன் விளிம்பில் அவன் பிடரி பட்டது.

ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிப் போன பிறகு நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விடச் சொல்லித் தந்தீர்கள். பத்து முறை. நல்ல பலன் இருந்தது. அன்று எல்லாரும் என்னைத்தான் தேற்றினார்கள்.

ராஜையாவுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. ஞாயிறுதோறும் போகிறேன். போகாவிட்டால் பேச்சு வரும். போன மாதம் அவன் மனைவி லீலாபாய் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "கஞ்சி மதி, அண்ணன் வந்தாச்சுல்லா" என்று கரண்டியிலிருந்து முகத்தைத் திருப்பினான். "அவருக்க சம்சாரம் கேட்டா எனக்குப் பாதி நோவு போவும்."

லீலாபாய் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "பேசுங்க அண்ணே" என்றாள். பஸ்ஸில் பேசுவது போலப் பேசினேன். அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. அவன் எழுதியது என் பேச்சைத்தான். மனம் சோர்ந்தால் அவனைத் தாங்குவது அது.

இதில் என் பங்கை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவன் பேச்சு என்றே எழுதியிருக்கலாம், இரண்டு எழுத்து மிச்சம். தமிழ் எழுத்தில் மலையாளம் எழுதினால் தமிழ் படித்த ஒருவன் என்ன செய்வான்? கேரள எல்லையில் கிடப்பவர்களுக்கு நேரும் கஷ்டம் இது. ஒரு சொல் செய்த துரோகம் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தமும் உண்டு என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஹெட் கிளார்க் வேலையை இப்போது நான் பார்க்கிறேன். அந்த மேசையில் போன் இருக்கிறது. போனுக்கு மேலே சுவரில், "சுருக்கிச் சம்சாரிக்குக" என்று மலையாளத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. எண்பத்தொன்பதில் அதை எழுதி ஒட்டியவன் நான்.