பதினோராவது பெண்ணுக்கு ஒரு ஞாயிறு வீடு

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தப் பேச்சை நேற்று நடுநிசி தாண்டி, ஒன்றரை மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதினேன். இடக்கையில் பதினோரு வாரக் குழந்தை, வலக்கையில் பேனா. எங்காவது ஒரு வாக்கியம் பாதியில் நின்றால், அந்த இடத்தில் என் மகள் ஹேட்டி அழுதாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாரைகள் அணியின் ஆதரவாளர் சங்கத் தலைவராய், நாற்பது ஆண்டுகளாய் நடுவர்களை மட்டுமே பகைத்து நம் எல்லாரையும் நேசித்துவரும் லைல் ஹ்ருஸ்கா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் என்னைவிட முன்னதாகவே மாற்று ஆட்டக்காரரை அழைத்துவிடும் பெரியோர்களே! காலையிலிருந்து அண்டா அண்டாவாய்ச் சில்லிக் குழம்பு கிளறி, முந்நூறு சின்னமன் ரோல் இனிப்பு ரொட்டி சுட்டு அடுக்கி, இன்னும் உட்காராமல் நிற்கும் தாய்மார்களே! மழை வருமா என்று வானத்தையும், நாம் ஜெயிப்போமா என்று என் முகத்தையும் ஒரே கண்ணால் பார்க்கும் சோளக்காட்டுச் சொந்தங்களே! போகாமல் நின்ற மூவரே! புதிதாய் வந்த எழுவரே! உங்கள் அனைவருக்கும், வில்லோ பெண்ட் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் சார்பில், அதன் பயிற்சியாளராய் என் வணக்கத்தைக் கூடை கூடையாய்க் கொட்டுகிறேன்.

யார் அது, பின்னால்? சத்தமாகப் பேச வேண்டுமா? மெதுவாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது, ஐயா. அந்தக் கதவோரத்தில் என் கணவர் வேட் தோளில் ஒருத்தி இப்போதுதான் தூங்கியிருக்கிறாள். அவள் எழுந்துவிட்டால் இந்த மேடை அவளுடையது.

அன்பர்களே! ஓர் அணியை எப்படிக் கட்டுவது? நான் படித்த காலத்தில் அது எளிது. பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது, அழைத்தார்கள். வந்தவள் நான்கு ஆண்டு ஆடினாள், பட்டம் வாங்கினாள், பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டாள். இன்று? போர்ட்டல் என்று ஒன்று வந்தது. கல்லூரி மாற நினைப்பவள் அதில் தன் பெயரைப் போட்டால் போதும். மறுநாள் பொழுது விடிவதற்குள் ஐம்பது பயிற்சியாளர்கள் அவள் போனில் நிற்கிறார்கள். இருக்கிறவர்களை எண்ணி இரவு படுத்தால், எழும்போது எண்ணிக்கை வேறு!

மார்ச் இருபத்தேழில் எனக்கு மகள் பிறந்தாள். ஏப்ரல் முதல் வாரத்தில் மறுபடி மருத்துவமனைக்கு ஓடினோம். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. அங்கேதான் என் உதவிப் பயிற்சியாளர் டாரியா போன் செய்தாள்.

"கோச், கொஞ்சம் உக்காந்துக்கோங்க."

"நான் படுத்திருக்கேன், டாரியா."

"அப்ப அப்படியே இருங்க. எட்டுப் பேர் போர்ட்டல்ல பேரு போட்டுட்டாங்க."

"பதினொண்ணுல எட்டா?"

"மீதி மூணு பேரும் இங்கதான் இருக்காங்க. ஒருத்திக்கு முழங்கால் ஆபரேஷன். ஆனா இருக்கா!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு பால் கொடுத்தேன். பிறகு போனை எடுத்தேன்.

ஆம், இந்த அணியை நான் ஆடுகளத்தில் கட்டவில்லை; ஆடும் நாற்காலியில் கட்டினேன்! மொன்டானாவிலிருந்து ஆறடி நான்கங்குல உயரத்தில் வந்து நிற்கும் நம் சிக்னியிடம் பேசும்போது அவள் கேட்டாள்: "கோச், பின்னாடி யாரோ கத்துறாங்களே?" நான் சொன்னேன்: "அது எங்க உதவிப் பயிற்சியாளர். தோத்தா அப்படித்தான்." முறைக்காதே டாரியா, உன் பெயரைச் சொல்லவில்லை.

டெக்ஸஸிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டார்: "ஏம்மா, உங்க ஊர்ல அப்படி என்னதான் இருக்கு?" என்ன சொல்வேன்? கடற்கரை இருக்கிறதா? கண்ணாடிக் கோபுரம் இருக்கிறதா? "காத்து இருக்குங்க," என்றேன். "அப்புறம், நாங்க சில்லியில சின்னமன் ரோலைத் தொட்டுச் சாப்பிடுவோம்." அவர் போனைப் பொத்திக்கொண்டு மகளிடம் சொல்வது கேட்டது: "பாப்பா, இவங்க கொஞ்சம் கிறுக்கா இருக்காங்க. ஆனா பொய் சொல்ல மாட்டாங்கன்னு தோணுது." அந்தப் பாப்பா இதோ, மூன்றாவது மேசையில், நான்காவது ரோலைத் தின்றுகொண்டிருக்கிறாள்!

இப்படி ஏழு பேர் வந்தார்கள். இருந்த மூவரோடு பத்து. பெருமை பொங்க, போன வாரம் முதல் பயிற்சிக்குப் பந்தை உருட்டிவிட்டேன். அப்போது தெரிந்தது நான் செய்த தவறு. உயரம் பார்த்தேன், ஓட்டம் பார்த்தேன், தூரத்திலிருந்து எறிந்தால் விழுகிறதா என்று பார்த்தேன். ஒன்றைப் பார்க்க மறந்தேன். பத்துப் பேரும் கையை நீட்டிப் பந்து கேட்டார்கள். கொடுப்பதற்கு ஒருத்தி இல்லை! கல்யாணத்துக்குச் சொந்தமெல்லாம் வந்திறங்கி, சமையல்காரர் மட்டும் வராமல் போன கதை.

பந்தைக் கொண்டுவந்து, பார்த்து, பகிர்ந்து, அடுத்தவளை அழகாகக் காட்டும் ஒருத்தி நம்மிடம் இருந்தாள். அவள் பெயரை இந்த மண்டபத்தில் இரண்டு மாதமாய் யாரும் சொல்வதில்லை. நான் சொல்லப்போகிறேன். டெலனி ரோர்பாக்.

தெரியும். முணுமுணுப்பு கேட்கிறது. விதைக்கடையின் கண்ணாடியில் எழுதியிருந்த அவள் பெயரைச் சுரண்டி எடுத்த சத்தமும் எனக்குக் கேட்டது. நம் அணித்தலைவி போனாள். அவள் பின்னே எழுவர் போனார்கள். கிழக்கே ஒரு பெரிய கல்லூரி கூப்பிட்டது, காசுக்குப் போனாள் என்று ஊர் பேசியது. மே மாதம் அந்தப் பெரிய கல்லூரி அவளைவிட இரண்டங்குலம் உயரமான ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு, "இடமில்லை, மன்னிக்கவும்" என்றது. இன்று அவள் மேற்கே, மணற்குன்றுப் பக்கம், அம்மா வீட்டில் எந்த அணியும் இல்லாமல் இருக்கிறாள். மூன்று நாள் முன்பு என்னைக் கூப்பிட்டாள்.

"கோச், நான்தான்."

"தெரியுது."

"உங்ககிட்ட இடம் இருக்கா?"

இருந்தது. ஒன்றே ஒன்று, பதினோராவது இடம். ஆனால் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடுதிச் சமையலறை மூடிக்கிடந்த காலத்தில் இந்த ஊர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்: ஒவ்வொரு பெண்ணுக்கும் சாப்பிடப் போக ஒரு ஞாயிறு வீடு, ஞாயிறு வீடு கிடைக்காத பெண்ணுக்கு ஜெர்சி கிடையாது. புதிய எழுவருக்கும் ஒரே மாலையில் வீடு கிடைத்தது. சிக்னிக்காக இரண்டு குடும்பங்கள் சண்டையே போட்டன! டெலனிக்காக லைல், தனக்கே மனமில்லாவிட்டாலும், பதினான்கு வீட்டுக் கதவைத் தட்டினார். பதினான்கிலும் ஒரே பதில்: "வெர்லாவே வேண்டாம்னுட்டா. நாங்க எப்படிச் சேர்த்துக்கறது?"

வெர்லா போகார்னி அவர்களே! மூன்று ஆண்டுகள் அந்தப் பெண்ணுக்கு ஞாயிறு வீடாய் இருந்தவர் நீங்கள். உங்கள் கோபம் நியாயமானது. "அவ போனதுக்குக்கூட எனக்குக் கோபம் இல்ல கோச்," என்று என்னிடம் சொன்னீர்கள். "எம் பாத்திரத்தை வெறும் பாத்திரமா வாசல்ல வச்சுட்டுப் போனா பாருங்க, அது!" உண்மைதானே? இந்த ஊரில் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பித் தருவார்களா? கடன்காரர்கூடத் தரமாட்டார்!

ஆனால் அம்மா, அந்தப் பாத்திரம் வெறுமையாய் வரவில்லை. விடுதி அடுப்பில், இரண்டு முறை கருக்கி, மூன்றாம் முறை எலுமிச்சை பார் என்ற இனிப்பைச் சுட்டு, பன்னிரண்டு துண்டு அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். "வெர்லாவுக்குப் பிடிச்சிருந்துதா?" என்று மூன்று நாள் முன்புகூட என்னைக் கேட்டாள். அந்தப் பன்னிரண்டு துண்டும் எங்கே போயின? நேற்று விதைக்கடைக்குப் போய் உங்கள் கணவரிடம் விசாரித்தேன்.

டுவேன், ஏன் மேசைக்கடியில் எதையோ தேடுகிறீர்கள்? நிமிர்ந்து உட்காருங்கள். "ஏம்மா ஜானெல், வெர்லாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. எனக்குச் சர்க்கரைன்னு ஒரு வருஷமா கண்ணுலயே காட்ட மாட்டேங்கறா. ஒண்ணுதான் எடுத்தேன். அப்புறம் பாத்தா காலி. சரின்னு கழுவி வாசல்லயே கவுத்துட்டேன்" என்று நீங்கள் கெஞ்சினீர்கள். வெர்லாவிடம் மட்டும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். காப்பாற்றிவிட்டேன், இருநூறு பேரிடம் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவதற்குச் சிரிப்பு வராது.

டுவேன் தின்றது பன்னிரண்டு துண்டு. நான் தின்றது ஒன்பது நாள்.

ஹேட்டி பிறந்த மறுநாள் டெலனி எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். இன்னும் என் போனில் இருக்கிறது. "வாழ்த்துகள் கோச். முடியும்போது ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா? அவசரம் ஒண்ணும் இல்ல." படித்தேன். நாளைக்குப் பதில் போடலாம் என்று வைத்தேன். மறுநாள் பிள்ளைக்குப் பால் இறங்கவில்லை. அதற்கு மறுநாள் காய்ச்சலோ என்று பயந்து ஏழு முறை அளந்தேன். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்து விடிய விடிய உட்கார்ந்தேன். தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும். ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் அவள் பெயர் போர்ட்டலில் இருந்தது.

காசுக்குப் போனாள் என்று நீங்கள் பேசியபோது நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கதை எனக்கு வசதியாய் இருந்தது. மூன்று நாள் முன்புதான் கேட்டேன்: "டெலனி, அன்னைக்கு அப்படி என்ன பேச நினைச்சே?"

"நான் இருக்கட்டுமான்னு கேக்க இல்ல கோச். நீங்க இருப்பீங்களான்னு கேக்கத்தான். குழந்தை பொறந்துட்டா நீங்க விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. உங்ககிட்டேருந்து பதில் வரல. சரி, நிஜந்தான் போலன்னு நெனச்சேன்."

என் மக்களே! அந்த ஒன்பது நாளும் அந்தக் கேள்விக்கு என்னிடமே பதில் இல்லை. ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பந்தையும் பிடிக்க முடியுமா? ஒன்றைக் கீழே போட்டுவிடுவேனோ? எதைப் போடுவேன்? பதில் தெரியாததால்தான் பதில் எழுதவில்லை. அந்தப் பெண் விட்டுப் போகவில்லை; விடப்பட்டாள். விட்டவள் நான்.

ஆகவே இன்று, இந்த மேடையில், அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நான் இருக்கிறேன். பிள்ளை அழும், நான் இருப்பேன். தோற்போம், நான் இருப்பேன். எட்டுப் பேர் போனாலும் இருப்பேன், எண்பது பேர் போனாலும் இருப்பேன்! கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள், ஹேட்டி… சரி, எழுந்துவிட்டாள். கொடுங்கள் வேட், இங்கேயே கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் அணிக்குப் பெயர் வைத்தவர்கள் யார்? நம் முன்னோர்கள். என்ன பெயர் வைத்தார்கள்? காளை என்று வைத்தார்களா, கரடி என்று வைத்தார்களா? நாரை என்று வைத்தார்கள்! மார்ச் மாதம் பிளாட் ஆற்றில் லட்ச லட்சமாய் வந்திறங்கும். ஏப்ரலில் ஒன்றுவிடாமல் பறந்துபோகும். அன்றைக்கு நாம் ஆற்றங்கரையில் நின்று, "துரோகி, துரோகி" என்று கூவுகிறோமா? அடுத்த மார்ச்சில் பறவை பார்க்கும் மறைவிடத்தில் குந்தி, குளிரில் மூக்கொழுக, தெர்மாஸ் காப்பியோடு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறோம். நாரை என்று பெயர் வைத்துவிட்டு, பறந்ததென்று கோபிக்கலாமா? திரும்பி வருகிறதே, அதைப் பார்க்க வேண்டாமா?

லைல், "போனவ போனவதான்" என்று நீங்கள் சொன்னதை மதிக்கிறேன். பீனிக்ஸிலிருந்து நீங்கள் பார்த்துவைத்த பெண்ணும் நன்றாகத்தான் எறிகிறாள். ஆனால் எறிபவர்கள் என்னிடம் பத்துப் பேர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கல்லூரிக்கு நான் ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும்.

வெர்லா, உங்களைக் கட்டாயப்படுத்த நான் யார்? உங்கள் மேசை, உங்கள் ஞாயிறு, உங்கள் மனம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வெள்ளை அட்டை வைத்திருக்கிறேன். யார் வீடானாலும் சரி. வீட்டுப் பெயரை எழுதி வாசலில் இருக்கும் பாப்கார்ன் வாளியில் போடுங்கள். முடியாது என்றாலும் முடியாது என்று எழுதிப் போடுங்கள். அவளிடம் அதையும் நானே சொல்வேன், அன்றைக்கே சொல்வேன்.

சமைத்த கைகளுக்கு நன்றி. தலைமை ஏற்ற லைலுக்கு நன்றி. உண்மையைச் சொன்ன டுவேனுக்கு, இன்றிரவு வீட்டில் நல்லதே நடக்கட்டும். தூக்கம் கெட்டவளின் பேச்சைத் தூங்காமல் கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றியும் வணக்கமும்.

மணற்குன்றுப் பக்கம் ஒருத்தி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவசரம் ஒன்றும் இல்லை என்றுதான் இந்த முறையும் சொன்னாள். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.