மாமனார் துப்பாக்கிக்குப் புது மரம்

...இல்ல தம்பி, நான் கேக்குறேன், வெள்ளக் கையுற சிவப்பாச்சுன்னா அது என் குத்தமா? துப்பாக்கியத் தொட்டுப் பாக்க வர்றவங்க எதுக்கு வெள்ளையில கையுற போடணும்? கறுப்புல போட்டா என்ன கொறஞ்சு போயிடும்? அந்த நடுவர் டோரிஸ் அம்மா, கைய மூக்குகிட்ட கொண்டுபோயி மோந்து பாத்துட்டு, "ஏர்ல், இது என்ன, வினிகரா?"ன்னு கேக்குறாங்க. சுத்தி ஊரே நிக்குது. நான் என்னத்தச் சொல்ல? பழைய மரம், கூட்டத்தப் பாத்தா வேர்க்கும்னு சொல்லி வச்சேன்.

உக்காருங்க, உக்காருங்க. உங்க மேசையில விக்க வச்சிருக்குற கத்தியெல்லாம் அப்படியேதான் இருக்கும், இங்க யாரும் எடுக்க மாட்டாங்க. இந்தத் தீயணைப்பு நிலையக் கூடத்துல நடக்குற பழைய ஆயுதக் கண்காட்சிக்கு மொத தடவையா வர்றீங்க போல. பக்கத்து மேசக்காரன்ங்கிற முறையில ஒண்ணு சொல்றேன். அதோ ஜன்னலோரமா, தொப்பியப் பின்னால தள்ளிக்கிட்டு, எல்லாரையும் பாத்து சிரிச்சுக்கிட்டு நிக்கிறானே, அவன்கிட்ட எதுவும் வச்சுக்காதீங்க. லமார். என் வீட்டுக்காரி வெர்னாவோட தம்பி. எனக்கு மச்சினன். அவனும் இதே மாதிரி ஒரு துப்பாக்கி வச்சிருக்கான். அதுல மாட்டியிருக்கானே ஒரு மரம், தோள்ல முட்டுக் குடுக்குற கட்ட, கன்னங்கரேல்னு, அது என் மாமனார் துப்பாக்கியோட மரம். என் மரம். வெக்கமில்லாம காட்சிக்கு வச்சிருக்கான்.

இருங்க, மொதல்லேர்ந்து சொன்னாதான் புரியும். இந்தத் துப்பாக்கி என் மாமனார் எல்வுடோடது. அந்தக் காலத்துப் பட்டாளத் துப்பாக்கி. இன்னிக்கு எது மொதப் பரிசு நீல ரிப்பன் வாங்குதோ அதுதான் மே மாசக் கடைசியில, போருல செத்தவங்களுக்காக நடக்குற ஊர்வலத்துல முன்னால போகும். மாமனார் உசுரோட இருந்தவரைக்கும் அவருதான் தூக்கிட்டுப் போனாரு. வேற யாரும் போட்டிக்கே வரமாட்டாங்க. போகும்போது இத என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. பெத்த மவன் இருக்க, மருமவன் கையில. லமாரு ஒரு வார்த்த பேசல. அதத்தான் என்னால தாங்கிக்க முடியல. சண்ட போட்டிருந்தா நானும் நாலு வார்த்த திருப்பிச் சொல்லியிருப்பேன், அன்னிக்கோட போயிருக்கும். சிரிக்கிறான். இப்ப பாருங்க, இங்க பாத்து சிரிக்கிறான் பாருங்க... பாக்காதீங்க, பாக்காதீங்க.

மாமனாரு நல்ல மனுசன். ஆனா துப்பாக்கிய வச்சிருந்த லட்சணம் இருக்கே! அடிக்கட்டையில வால்நட் உடைப்பாரு. எண்ணெயும் வேர்வையும் ஏறி மரமே கரி மாதிரி ஆயிடுச்சு. இத எப்படிக் கொண்டாந்து காட்சிக்கு வைக்கிறது? இப்பல்லாம் பழசு மாதிரியே புதுசா பண்ணி விக்கிறாங்க தம்பி. பாக்க அசலாட்டம் இருந்தாப் போதும், போட்டியில தடையில்ல. நானும் வரவழைச்சேன். புது மரம், புது தோல் வாரு, துப்பாக்கி முனையில மாட்டுற கத்தி ஒண்ணு பிளாஸ்டிக்குல. அந்தக் கத்திய வண்டி முன்கண்ணாடிக்குக் கீழ வச்சுட்டுக் கடைக்குப் போயிட்டு வந்தேன், வெயில்ல வளைஞ்சு வாழப்பழமாயிடுச்சு. அதான் இப்படித் திருப்பி வச்சிருக்கேன். இந்தப் பக்கமிருந்து பாத்தா தெரியாது. நீங்க அங்கேருந்து பாக்குறீங்க, அதான் தெரியுது.

அப்புறம் முத்திர. பட்டாள அதிகாரி சரிபாத்து மரத்துல ஒரு முத்திர அடிச்சிருப்பாரு, அது இருந்தாதான் மதிப்பு. அதுக்கும் அச்சு விக்கிறான். பொட்டியத் தொறந்தா மூணு அச்சு இருக்கு. வாங்கின பொருள சும்மா போட்டு வைப்பாங்களா? மூணையும் அடிச்சேன். வரிசையா, அழகா. டோரிஸ் அம்மா சொல்றாங்க, மூணும் மூணு ஊரு அதிகாரிங்களாம், ஒரே துப்பாக்கிய மூணு பேரும் பாத்திருக்க முடியாதாம். ஏன், அப்ப ரயிலு ஓடலையா?

நெறத்துலதான் கொஞ்சம் தகராறு ஆயிடுச்சு. புது மரம் சர்ச்சு பெஞ்சு மாதிரி மஞ்ச மஞ்சேர்னு இருந்துச்சு. கொஞ்சம் சிவப்பு ஏத்தணும். வெர்னா வினிகர் ஊத்தின பீட்ரூட் தண்ணியில அவிச்ச முட்டைய ஊறுகாயாட்டம் ஊறப்போட்டு வச்சிருந்தா, பெரிய ஜாடியில. முட்டையே உள்வரைக்கும் சிவக்குதே, மரம் சிவக்காதான்னு ரெண்டு கை தேச்சேன். சிவந்துச்சு. கொஞ்சம் அதிகமாவே சிவந்துச்சு. பொம்பளப் புள்ளைங்க சைக்கிள் மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு மேல பூட்ஸ் பாலிஷ் போட்டு மறைச்சேன். அது அமுங்கிட்டுதான் இருந்துச்சு, அந்தம்மா போட்டு அழுத்தித் தேய்க்காம இருந்திருந்தா.

அங்க என்னடான்னா லமாரோட துப்பாக்கியத் தொடும்போது அதே அம்மா கையுறையக் கழட்டிட்டாங்க தம்பி. வெறுங்கையால தடவுறாங்க. அந்தக் கரிக்குக் கீழ அசல் முத்திர இருந்திருக்கு. அவன் துணிய வச்சுத் தொடச்சிருக்கான், அவ்வளவுதான், வந்துடுச்சு. எனக்கு வரலையே! வால்நட் உடைச்ச பள்ளத்தக் காட்டி "இது எல்வுடு கை"ன்னு யாரோ சொல்ல, நாலு பேரு கண்ணத் தொடைக்கிறாங்க. இரும்பு என்கிட்ட, மரம் அவன்கிட்ட. மாமனாரப் பாதியா அறுத்து ரெண்டு மேசையில வச்ச மாதிரி இருக்கு. திருட்டுப் பய.

திருட்டுன்னா... வீடு புகுந்து எடுத்தான்னு சொல்லல. நான் கழட்டிப் போட்ட பழைய மரம், வெளிய விறகு அடுக்குல இருந்துச்சு. யார் வச்சாங்கன்னா, நான்தான் வச்சேன், என் வீட்டு விறக வேற யாரு அடுக்குவா? கேக்காம எடுத்தானான்னா, கேட்டான். அதுலதான் அவன் தந்திரத்தப் பாக்கணும். ஒரு தடவையோட விட மாட்டேங்குறான். நெசமாவே வேணாமான்னு திரும்பத் திரும்பக் கேக்குறான், அப்பா கை பட்டதாச்சேங்குறான். மரப்பூச்சி ஏறும், அடுப்புக்குப் போறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிடுன்னேன். வெர்னா நடுவுல வந்து வேணாங்கன்னா. அவளையும் ஒரு அதட்டு அதட்டினேன். என்ன அப்படிப் பாக்குறீங்க? சூடான நேரத்துல மனுசன் பேசுறதுதானே.

காலையில வேற வந்தான். நான் மேசத்துணி விரிச்சிட்டிருக்கேன். பக்கத்துல வந்து மெதுவாச் சொல்றான், "மச்சான், நிமிசத்துல மாத்திடலாம். அப்பா துப்பாக்கி ஒண்ணாவே இருக்கட்டும். ஊர்வலத்துல நீங்களே தூக்கிட்டுப் போங்க."

நான் சும்மா விடுவேனா? "உன் விறகு எனக்கு எதுக்குடா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். சமையக்கட்டுல சூப்பு கிண்டிட்டிருந்த பொம்பளைங்க எட்டிப் பாத்தாங்க. வெர்னாவும் அங்கதான் இருந்தா. அதுலேர்ந்து எனக்குக் காப்பி வரல.

சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கடைசிச் சுத்து. ரிப்பன் அதுலதான். மரத்த மாத்துறது ஒரு பெரிய வேலையில்ல. விசைக்குக் கீழ இருக்குற வளையத்த இழுத்தா கையோட வந்துடும். மாத்தணும்னு நெனச்சா... யாரு நெனக்கிறது? நான் போயி அவன்கிட்ட கேக்கணுமா? அவங்கப்பா தூக்கின மாதிரி ஊர்வலத்துல ஒரு தடவ தூக்கிட்டு நடக்கணும்னு ஆச இருக்கு, இல்லேங்கல. அதுக்காக நான் போயி நிக்கணுமா?

என்ன, எழுந்துட்டீங்க? சூப்பா? வாங்குங்க, வாங்குங்க, சோளம் போட்ட கோழி சூப்பு சீக்கிரம் தீந்துடும்... தம்பி, சமையக்கட்டு இந்தப் பக்கம். நீங்க ஜன்னல் பக்கமா, லமாருகிட்டல்ல போறீங்க. தம்பி... நான் சொல்லி வந்ததா மட்டும் சொல்லிடாதீங்க. ஏர்லு எதுவும் கேக்கலன்னு சொல்லுங்க. கிழவன் நாற்காலியில சாஞ்சு தூங்கிட்டான்னு சொல்லுங்க. தூங்குறவன் மேசையில வந்து ஒருத்தன் எதையோ கழட்டி எதையோ மாட்டிட்டுப் போனா எனக்கு எப்படித் தெரியும்?... இந்தா, கண்ண மூடிட்டேன்.