அசையாததைக் காணாத கண்

நான் இப்படி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதைத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள், ஐயா. பழக்கம். காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முதலில் ஈயின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஈயை அடிக்கக் கை ஓங்கியிருப்பீர்கள். கை இறங்குமுன் அது பறந்துவிடும். அதன் கண் ஆயிரக்கணக்கான குட்டி வில்லைகளால் ஆனது. அசைகிற எதையும் அந்தக் கண் தவறவிடாது. நான் செய்த கண்ணும் அதைப் பார்த்துச் செய்ததுதான். வெளிச்சம் எங்கே மாறுகிறது என்பதை மட்டும் கவனிக்கும். தொழிற்சாலையில் இரும்புத் தகடு தூக்கும் எந்திரக் கைக்காக அதைத் தூணில் பொருத்தினேன். குறுக்கே ஏதாவது அசைந்தால் இமைப்பதற்குள் கை நின்றுவிடும். சாதாரணக் கேமரா அந்த வேகத்துக்கு வராது.

ஒரே குறை. அசையாமல் நிற்கிற ஆள் அதற்கு இல்லாத ஆள்.

அந்தக் குறையைத் தீர்த்தவன் என் தம்பி. என்னோடுதான் வேலை செய்தான். கைபேசியை அதிரவைக்குமே, அந்த மாதிரி ஒரு பொடி மோட்டாரைக் கண்ணுக்குப் பின்னால் ஒட்டினான். கண்ணே லேசாக நடுங்கினால், அதற்கு எதிரே இருப்பதெல்லாம் அசைகிறது. சும்மா நிற்கிறவனும் தெரிந்துவிடுவான். அழகான யோசனை. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

"கண்ணு வச்சது நீ, பார்வை குடுத்தது உன் தம்பி," என்றார் முதலாளி, எல்லோர் முன்னாலும். அன்றிலிருந்து பட்டறையில் அதற்குப் பெயரே 'தம்பி கண்'. எனக்கு வருத்தமில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்குமுன் ஒருவன் எந்திரக் கைக்குக் கீழே போய்ச் சிலையாக நிற்பான், மற்றவன் பொத்தானை அழுத்துவான். கை கிளம்பாவிட்டால் கண் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அன்று காலை நிற்கும் முறை அவனுடையது. அவன் வருவதற்குள் மோட்டாரின் ஒயரைக் கழற்றிவிட்டேன். என் கண் தனியாகவே போதும் என்று காட்டத்தான்.

"அண்ணே, மூக்கு அரிக்குது."

"சொறிஞ்சா சோதனை கெட்டுரும்டா. பேசாம நில்லு."

"உன்னைக் கட்டிக்கிட்ட அண்ணி பாவம்ணே," என்று சிரித்தான். பிறகு சிலையானான்.

கை கிளம்பியது. அவன் ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் கண் பார்த்திருக்கும், கை நின்றிருக்கும். இதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும், ஐயா. ஓர் எட்டு வைத்திருந்தால் பிழைத்திருப்பான். என் கண்ணில் பழுதே இல்லை.

நம் கண்ணும் ஓயாமல் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது, தெரியுமா? அந்த நடுக்கம் நின்றால் எதிரே உள்ளது கரைந்துபோகும். அதற்குத்தான் அசையாமல் இருந்து பழகுகிறேன். கொஞ்ச நேரத்தில் சுவர் மங்குகிறது, நீங்கள் மங்குகிறீர்கள். ஆனால் இமைக்காமல் எவ்வளவு நேரம் இருப்பது? இமைத்ததும் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் அவன் நிற்கிறான். மூக்கைக்கூடச் சொறிவதில்லை.

என்னையே பார்க்கிறான். கை கிளம்பியபோதும் அப்படித்தான் பார்த்தான். ஓடட்டுமா என்று கண்ணாலேயே கேட்டான்.

"அசையாதடா," என்றேன். "அண்ணன் பாத்துக்கறேன்."

என் பேச்சை அவன் ஒருநாளும் தட்டியதில்லை, ஐயா.