சட்டைப் பித்தானுக்காகத் திரும்பி வந்த பெட்டிகள்

தொழிலாளர் மன்றத்தின் தலைவர் அவர்களே! மூட்டுவலியோடு மாடியேறி வந்து, முகமலர்ச்சியோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! மாவோடு மல்லாடி எங்கள் பிஸ்கட்டுக்கு மணம் சேர்க்கும் தாய்மார்களே!

குற்றவாளி ஒருவன் இந்த மேடையில் நிற்கிறான். யாரைத் தேடுகிறீர்கள்? ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கும் உங்கள் முதலாளியைத்தான் சொல்கிறேன்! அதற்குள் கைதட்டினால் எப்படி? இன்னும் குற்றத்தையே சொல்லவில்லையே!

சென்ற மாதம் ஒருநாள் காலை, ஆலைக்குள் எல்லோரும் மாட்டவேண்டிய மேலங்கி மாட்டாமல், மிடுக்கு மட்டும் மாட்டிக்கொண்டு பொட்டலம் கட்டும் பகுதிக்குள் புகுந்தேன். பெல்ட்டில் ஊர்ந்து வந்த பிஸ்கட்டுகளைக் குனிந்து குனிந்து பார்த்தேன். மதியம், தரம் பார்க்கும் அக்கா என்னை வழிமறித்தார்.

"சார், உங்க சட்டையில ரெண்டாவது பட்டனைக் காணோமே?"

"வீட்டுல விழுந்திருக்கும், விடும்மா."

விட்டாரா? என் கண்ணெதிரே என் மனைவிக்கே போன் போட்டார். "காலையில நான்தானே சட்டையைத் தேச்சுக் கொடுத்தேன். எல்லாப் பட்டனும் இருந்துச்சே!" என்று சாட்சி சொல்லிவிட்டாள் மகராசி!

அடுத்த நொடி ஆலையை நிறுத்தினார் அக்கா. "இரும்புன்னா மெஷின் காட்டிக் கொடுத்திருக்கும். இது பிளாஸ்டிக். காலையில போன அத்தனை பாக்கெட்டும் திரும்பி வரணும் சார்."

"ஊரே சிரிக்குமே அக்கா!"

"சிரிக்கட்டும். ஒரு குழந்தைக்குத் தொண்டையில சிக்கினா யாரு சிரிப்பா?"

கடை கடையாக நானே போன் செய்தேன். 'தவறு என்னுடையது, தின்னாதீர்கள், திருப்பித் தாருங்கள்' என்று என் பெயரிலேயே அறிவித்தேன். பெட்டி பெட்டியாக வந்தன, பிரித்துப் பிரித்துப் பார்த்தோம், பித்தான் இல்லை!

மூன்றாம் நாள், ஒரு பஸ் டிரைவர் பிரிக்காத பாக்கெட்டோடு வந்தார். மேசையில் வைத்துப் பிரித்தோம். இரண்டு பிஸ்கட்டுகளுக்கு நடுவே வெள்ளையாய்ப் பல்லிளித்தது என் பித்தான்!

"பாப்பா கையிலிருந்து பிடுங்கிட்டு வந்தேன் சார்" என்றார் அவர். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. சரி, வேற பாக்கெட் கொடுங்க. அவ இன்னும் அழுதுட்டிருக்கா!"

அன்பர்களே! அனுப்பிய சரக்கைத் திரும்ப அழைப்பது அவமானமா? அறிந்தும் வாய்மூடி இருப்பதல்லவா அவமானம்! விற்றதை மீட்கலாம், விழுங்கியதை மீட்க முடியுமா? இனி இந்த ஆலையை நிறுத்த எவருக்கும் என் அனுமதி தேவையில்லை. என்னையே வாசலில் நிறுத்தலாம்!

என்ன அக்கா, இப்போதே நிறுத்தச் சொல்கிறீர்களா? இதோ, நிறுத்திவிட்டேன். என்னைத் தடுத்த உங்களுக்கும், என்னைப் பொறுத்த இந்த அவைக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம்!