தெளிவு என்று எழுதியவள்

"ஹலோ... ஹலோ அக்கா, கேக்குதா?... ஆமா ஆமா, நான்தான். ஆய்வகத்து மாடிப்படியிலேர்ந்து பேசறேன், உள்ள பேச முடியாது... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். அத விடு. நாளைக்குக் காலைல அந்த ஊசிக்குப் போறியா?... அதான் கேக்கறேன்... போகாதக்கா."

இதைச் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை என்று காலையிலிருந்து எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள். கடைசியில் சொல்ல வேண்டியதுதான் முதலில் வந்து விழுந்தது. அக்காவுக்குக் குரல் எழும்பினால் லேசில் இறங்காது. தங்கை போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

பதினோரு வருடமாக அவள் வேலை பிறத்தியார் இரத்தத்தை எடுப்பது, அதைச் சுழற்றுவது, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைப் பிரித்து உறைபெட்டியில் அடுக்குவது. பேராசிரியரின் கட்டுரைகளில் அவள் பெயர் நன்றி சொல்லும் வரியில்கூடப் பாதித் தடவைதான் வரும். அவர் தேடியது உடல் பருமனுக்கு ஓர் அடையாளம். புரதம் எதையும் செய்யத் தெரியாதவை என்று ஒரு காலத்தில் எல்லோரும் ஒதுக்கிவைத்த மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் குட்டி ஆர்.என்.ஏ. துணுக்குகள்தான் கொழுப்பை எங்கே சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்று பின்னாலிருந்து ஆட்டிவைக்கின்றன என்பது அவர் கட்சி. தேடியதும் கிடைத்தது. ஒரு துணுக்கு, பருத்தவர்கள் இரத்தத்தில் மட்டும் நாலு மடங்கு. அதை அடக்க ஒரு ஊசியும் தயாராகிவிட்டது. அதைப் போட்டுப் பார்க்கச் சேர்ந்திருக்கும் இருபது பேரில் அக்காவும் ஒருத்தி. முதல் ஊசி அவளுக்கு, மற்றவர்களுக்கு அடுத்த வாரம்.

அந்த நாலு மடங்கை இரண்டு வருடத்துக்கு முன் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னவளே இவள்தான். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, உன் மரபணு அப்படி என்றாள். அக்கா அன்று உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். மறுநாளிலிருந்து கண்டவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

"என்னது?... பொறாமையா? எனக்கா?... சரி, சொல்லு, சொல்லி முடி... ஆமா, ஒல்லிக்குச்சிதான் நான்... அந்த ஒல்லிக்குச்சியோட ரத்தத்தப் பத்தித்தான் பேசப்போறேன். கொஞ்சம் மூச்சு விடு."

போன வாரம் நடந்ததைச் சொன்னாள். புது நர்ஸ் ஒருத்தி ஒரு மெலிந்த மாணவனுக்குத் தாறுமாறாகக் குத்தி இரத்தம் எடுத்தாள். சுழற்றிப் பார்த்தால் மேலே நிற்கும் நீர் மஞ்சளாக இல்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. அளந்தால் அந்தத் துணுக்கு நாலு மடங்கு. அன்று மத்தியானமே தங்கை கதவைச் சாத்திக்கொண்டு தன் இரத்தத்தையே எடுத்தாள். ஒரு கையில் பதமாக. இன்னொரு கையில் ஆக மெல்லிய ஊசியைச் செருகி, சிரிஞ்சை வெடுக்கென்று இழுத்து.

"ஒரே ஆளுதான்கா... ஆமா, என் ரத்தந்தான், ரெண்டு கையும் என்னுது. ஒன்னு சாதாரணமா இருக்கு, இன்னொன்னு உன் கணக்கு அப்படியே வருது... தப்பா அளக்கல. மூனு தடவ அளந்தேன்... சிவப்பணு உடைஞ்சா அதுக்குள்ள இருக்கிறது வெளிய கொட்டுது, அவ்வளவுதான். அது பருமனக் காட்டலக்கா. பருத்த கையில நரம்பு கெடைக்காம குத்தினதக் காட்டுது."

மேலே யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்ல, வேற யாரும் எடுக்கல. உனக்கு நான்தான் எடுத்தேன்... எத்தன தடவ குத்தினேன்னு ஞாபகம் இருக்கா?... நாலு. நாலு தடவ. நீ வாயே தொறக்கல. கடைசியில, என் கை அப்படிம்மா, உனக்குத்தான் சிரமம்னு நீ என்கிட்ட மன்னிப்புக் கேட்ட."

நீர் சிவந்திருந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். விதி அவ்வளவுதான், சின்னக் குழந்தைக்கும் புரியும். அன்று அக்காவின் சோதனைக் குழாயில் நீர் சிவந்திருந்தது. வெளியே நாற்காலியில் அக்கா கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது தடவை குத்த இவளுக்கு மனம் வரவில்லை. பதிவேட்டில் நிறத்துக்கான கட்டத்தில் 'தெளிவு' என்று எழுதினாள். ஒரு தடவை எழுதிய கைக்கு அடுத்த தடவை கூசவில்லை. அடுத்து வந்த பருத்த பெண்மணிக்கும் எழுதினாள், அதற்கடுத்த லாரி டிரைவருக்கும் எழுதினாள். முப்பத்திரண்டு பேருக்குப் பாவம் பார்த்தாள். அத்தனை பேருக்குப் பார்த்த பாவமும் சேர்ந்துதான் பேராசிரியரின் கண்டுபிடிப்பு ஆனது.

"சும்மா போட்டுக்கிட்டா என்ன ஆகும்னா... அது வெறும் தண்ணி இல்லக்கா. ரத்தத்துக்கு வேணுங்கிற ஒன்ன அடக்குற மருந்து. என்ன பண்ணும்னு எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது... அப்போ எதனாலன்னா? தெரியாதுக்கா... வேற மரபணு இருக்கலாம். இருக்கும். இன்னும் கண்டுபிடிக்கல... இல்ல, வாய்தான் காரணம்னு நான் சொல்லவே இல்ல. எப்போ சொன்னேன்?"

சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் அக்காவின் தட்டை ஓரக்கண்ணால் பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி. அக்கா கல்யாணமாகிப் போகும்வரை அந்த வீட்டில் அது ஒரு பொழுதுபோக்கு. இப்போது 'எப்போ சொன்னேன்' என்று கேட்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"சொன்னேன். சரி, சொன்னேன்... அழாதக்கா. அக்கா... என்ன?... அத்தான் கூட உக்காந்து சாப்பிடறாரா? இந்த ரெண்டு வருஷமாவா?... அதுக்கு முன்னாடி தனியாத்தான் சாப்பிட்டியா? என்கிட்ட நீ சொன்னதே இல்லையே... ம்... ம்... பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னாளா? அவளாவே?... பிரண்ட்ஸ்கிட்ட எல்லாம் உன்னக் காட்டினாளா... ஓ... ம்."

இருபது வருடம் யாரும் தராத மரியாதையை ஒரு சிவந்த குழாய் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்தவளே பிடுங்கவும் வந்திருக்கிறாள். இந்த வேலைக்கு வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

"சொல்லு, கேக்கறேன்... நீ ஊசிக்குப் போக மாட்ட. சரி. நல்லது... உடம்பு சரியில்லன்னு சொல்லிடுவ. சரி... நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதா?... புரியுது. பதிவேட்டுல இருக்கிறது அப்படியே இருக்கட்டும்... புரியுதுக்கா... ஆமா, என் வேலயும் போயிடும். தெரியும்... ஆனா மத்த பத்தொம்பது பேரு கைய நீட்டுவாங்களே?... அவங்க உனக்கு யாரோதான், சரி... எங்கிட்ட நீ எதுவுமே கேட்டதில்ல, ஆமா. இது ஒன்னுதான் கேக்கற. ஆமாக்கா... ஆமா..."

அவள் எழுந்து நின்றாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, காலையிலயே எழுதிக் குடுத்துட்டேன்... ஆமா, எல்லாத்தையும். பேராசிரியருக்கு ஒன்னு, ஊசி போடறவங்களுக்கு ஒன்னு. அவங்க படிச்சு, கூடிப் பேச ரெண்டு நாள் ஆகும். அதனாலதான் நாளைக்குப் போகாதன்னு... இல்ல, திருப்பி வாங்க முடியாது. வாங்க மாட்டேன்... உன்கிட்ட முதல்ல பேசியிருக்கணும், ஒத்துக்கறேன். பேசியிருந்தா எழுதியிருக்கவே மாட்டேன்கா. அதான் பேசல... ஹலோ?... அக்கா?"

தான் பேசியதில் எந்த வார்த்தையில் அக்கா போனை வைத்தாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.