நிலாவுல நீலம்

உக்காரு மச்சான், எங்க எழுந்துக்கற? அதான் சொன்னேனே, தென்றல் குளிக்கிறான்னு. தண்ணி சத்தம் கேக்குதுல்ல? தலைக்கு ஊத்திக்கிறா. பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி எண்ணெ வழியுற தலையோடவா போய் நிப்பா, உன் அக்கா பொண்ணு? பொம்பள இல்லாத வீட்டுல வேணாம்னு உன் வீட்டுக்கே வரச் சொல்லிட்ட, சரி. வேங்கிக்கால் எம்மா தூரம்? பதினோரு மணிக்குதானே வர்றாங்க. நாற்காலிய இப்படி இழுத்துப் போட்டு கம்ப்யூட்டரப் பாரு.

நிலாதான். பௌர்ணமிக்கு முந்தின நாள் நம்ம மாடியில டெலஸ்கோப் வெச்சு எடுத்தது. உன் அக்கா போன பின்னாடி, பொழுது போகாம நானே யூடியூப் பாத்து கத்துக்கிட்டேன். வீடியோவா எடுத்து, அதுல ஆடாம விழுந்த படத்த மட்டும் பொறுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். அடுக்க அடுக்க படம் சுத்தமாயிடும். அப்புறம்தான் கலரு.

சிரிக்காத. இப்ப சுண்ணாம்பு அடிச்ச மாதிரிதான் இருக்கு. கலர கொஞ்சூண்டு ஏத்தறேன்... தெரியுதா? சரி, இன்னும் கொஞ்சம். ஆங், இந்தப் பக்கம் லேசா நீலம். அது டைட்டானியம் ஜாஸ்தி இருக்கிற பாறை. பக்கத்துல செங்கல் மாதிரி இருக்கு பாரு, அங்க அது கம்மி.

நான் பூசினதா? அண்ணாமலையார் மேல சத்தியமா இல்ல. அங்க இருக்கிறதுதான், நம்ம கண்ணுக்கு எட்டல. பௌர்ணமிக்கு லட்சம் பேரு அண்ணாந்து பாத்துக்கிட்டே மலைய சுத்தறாங்க, ஒருத்தருக்காவது நீலம் தெரிஞ்சிருக்குமா?

இல்ல இல்ல, ஒரேயடியா ஏத்தக் கூடாது. முதல்ல நான் அப்படித்தான் ஏத்திட்டேன். தென்றல் பாத்துட்டு, அப்பா, இது நிலாவா பஞ்சுமிட்டாயான்னு கேட்டா. கொஞ்சம் ஏத்தணும், கண்ணு பழகணும், மறுபடி கொஞ்சம். உனக்கும் அப்படித்தான் பாத்துப் பாத்து பண்றேன்.

ஒண்ணுமில்ல, படத்தச் சொன்னேன். தென்றலு! மாமா அவசரப்படறாரு, சீக்கிரம் வாம்மா! பாத்தியா, பதிலே இல்ல. மூஞ்சியில சோப்பு போட்டிருப்பா.

ஆமா, போன பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில அன்னதானம் போட்டியே, அங்க சாம்பார் சாத அண்டாவத் தோள்ல தூக்கிக்கிட்டு ஒரு பையன் ஓடுனானே, புகழேந்தி. ஞாபகம் இருக்கா? தங்கமான பையன், நம்ம வீட்டுல இப்படி ஒருத்தன் இல்லையேன்னு உன் வாயாலயே சொன்ன. அவன் பரிமாற, முன்னாடி தட்டு வெச்சுக்கிட்டே போனது யாரு? நம்ம தென்றல். உன் கண்ணு முன்னாடியேதான். உனக்குத் தெரியல. எனக்கும் மொதல்ல தெரியலப்பா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா...

இரு, மெசேஜ் வந்திருக்கு. கண்ணாடிய எங்க வெச்சேன்? ம்.

கையெழுத்து போட்டாச்சாம்.

ரிஜிஸ்டர் ஆபீஸ்லதான், வேற எங்க? கத்தாத மச்சான், பிரஷர் மாத்திரை போட்டியா? அவன் என்ன ஆளுங்கன்னு இப்ப கேக்கற. அண்டா தூக்கும்போது கேக்கலியே.

தாலி இன்னும் கட்டல. அடி அண்ணாமலை கோயிலுக்குப் போயி நிக்கிறாங்களாம். தாய்மாமன் வந்து மாலை போடாம கழுத்த நீட்ட மாட்டேன்னு ஒரே அடம். நான் சொன்னா கேக்கறாளா? அப்படியே உன் அக்கா. உன் அக்காவுக்கு நீதான் மொத மாலை போட்ட, அரை டிராயர் போட்டுக்கிட்டு. எட்டலன்னு நான்தான் உன்னத் தூக்கிப் பிடிச்சேன். இன்னைக்கு எட்டும்.

இன்னா, முழிக்கிற? கண்ணத் தொடச்சிக்க. மாலை ஃபிரிட்ஜ்ல, கீழ் தட்டுல இருக்கு. எடுத்துக்கிட்டு வா, நான் வண்டிய வெளிய எடுக்கறேன். அப்படியே பாத்ரூம் குழாய மூடிட்டு வந்துடு. நீ வந்ததுல இருந்து பக்கெட்டுதான் குளிச்சிக்கிட்டு இருக்கு.